ஆஸ்தி ஊர் வக்கீலின் முதல் இசைத்தட்டு

வணக்கம். என்னைப் பேசக் கூப்பிட்டபோது நிலையத்தார் சொன்னது ஒன்றே ஒன்றுதான். உங்களுக்குப் பிடித்த ஒரு இசைத்தட்டைப் பற்றிப் பேசுங்கள், எந்த நாட்டுத் தட்டாக இருந்தாலும் சரி என்றார்கள். நான் முப்பது வருஷமாக மெல்லிசைக் குழுக்களில் முதலில் அக்கார்டியன், அப்புறம் கீபோர்டு என்று வாசித்துப் பிழைத்தவன். ஏதாவது பழைய சினிமாப் பாட்டுத் தட்டோடுதான் வந்து உட்காருவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்து வந்திருப்பது 1974இல் இத்தாலியில் வந்த ஒரு தட்டு. பாடியவர் பெயர் பாவ்லோ கோந்தே. தட்டின் பெயரும் பாவ்லோ கோந்தே. அவருடைய முதல் தட்டு.

கோந்தே என்றதும் பள்ளிக்கூடத்தில் நோட்டு ஒட்டிய கோந்து ஞாபகம் வந்தால் தப்பில்லை, எனக்கும் அதுதான் வந்தது. இத்தாலிய மொழியில் அதற்குப் பிரபு என்று அர்த்தமாம். இவர் பிரபு இல்லை, வக்கீல். 1937 ஜனவரி 6ஆம் தேதி இவர் பிறந்த ஊர் ஆஸ்தி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ஊர் பெயரே அதுதான், சொத்து ஆஸ்தி என்கிறோமே அதே உச்சரிப்பு. இத்தாலியின் வடமேற்கில், திராட்சைத் தோட்டங்களும் சிறு குன்றுகளுமாக இருக்கும் பியமொந்தே பகுதியில் இருக்கிறது. அப்பா நோட்டரி. அந்த நாட்டில் நோட்டரி என்றால் நம் ஊரில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி இல்லை, வீடு நிலம் கைமாறுவதெல்லாம் அவர் முன்னால்தான் நடக்கும், பெரிய பதவி. ஆக ஆஸ்தியில் ஆஸ்திப் பத்திரம் எழுதுகிறவரின் மகன், பார்மா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வக்கீலாகி, 37 வயதில் முதல் தட்டில் பாடுகிறார். கதை இதுதான், ஆனால் இதை அவசரமாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இந்த மனிதர் என் வீட்டுக்குள் எப்படி வந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு பழைய அக்கார்டியன் இருந்தது, 80 பேஸ் பட்டன் உள்ளது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒரு மழைக்காலத்தில் அதன் ரீடுகள் துருப்பிடித்து, இடது பக்கத்தில் ஒரு பட்டனை அமுக்கினால் இரண்டு சேர்ந்து கத்த ஆரம்பித்தது. ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் எட்டு மாதம் வைத்திருந்து, துருத்தியில் புதுசாக ஒரு ஓட்டையோடு திருப்பிக் கொடுத்தார்கள். யார் என்று சொல்லப் போவதில்லை, அவர்களும் பாவம், அக்கார்டியன் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்கும். சரி நாமே செய்வோம் என்று இணையத்தில் தேடினால், இடது கைப் பட்டன்கள் அடுக்கியிருக்கும் முறைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தது: ஸ்த்ராதெல்லா. அது மிலான் நகருக்குத் தெற்கே இருக்கும் ஒரு சின்ன ஊரின் பெயர். 1876இல் மரியானோ தல்லாப்பே என்பவர் அங்கே அக்கார்டியன் பட்டறை தொடங்கினார், அந்த ஊர் பெயரே பட்டன் முறைக்கு ஒட்டிக்கொண்டது. நம் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்த அக்கார்டியன்களின் இடது பக்கமும் இதே ஸ்த்ராதெல்லாதான், இத்தனை வருஷம் பெயர் தெரியாமலே விரலை அங்கே வைத்திருந்தேன்.

அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டே போனபோது ரிப்பேர் வீடியோவுக்குப் பதிலாக ஒரு பாட்டு ஓட ஆரம்பித்தது. லா ஃபிசார்மோனிக்கா தி ஸ்த்ராதெல்லா. ஸ்த்ராதெல்லா ஊர் அக்கார்டியன் என்று பொருள். பாடியவருக்குப் பாட வராது என்றுதான் முதலில் நினைத்தேன். கரகரப்பு, மூக்கால் ஒரு இழுப்பு, சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு மீதியை முணுமுணுக்கிற சோம்பல். பாட்டு முடிந்ததும் திரும்பப் போட்டேன். அன்றைக்கு அக்கார்டியன் ரிப்பேர் ஆகவில்லை.

இனி வக்கீல் கதைக்கு வருகிறேன். 2020 மார்ச் ஞாபகம் இருக்கும். கொரோனா முதலில் வந்து இத்தாலி முழுக்கக் கதவடைத்துக் கிடந்தபோது ஜனங்கள் பால்கனிக்கு வந்து ஒன்றாகப் பாடினார்களே, நம் போன்களிலும் அந்த வீடியோ சுற்றியது. அவர்கள் பாடிய பாட்டுகளில் ஒன்று அத்ஸூர்ரோ. நீலம், வான நீலம் என்று பொருள். 1968இல் அத்ரியானோ செலென்தானோ பாடி நாட்டையே ஆட்டிய பாட்டு. காதலி கடற்கரைக்குப் போய்விட்டாள், கோடைக்கால மதியத்தில் ஊரில் ஒருவன் தனியாகச் செய்ய ஒன்றும் இல்லாமல் நிற்கிறான், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த வெறும் மதியத்துக்கு மார்ச் பாஸ்ட் மாதிரி ஒரு மெட்டு. அந்த மெட்டைப் போட்டவர் ஆஸ்தியில் கேஸ் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த நம் ஆள்தான். பாட்டு எழுதியவர் வீத்தோ பல்லவிச்சீனி. பெயரிலேயே பல்லவி வைத்துக்கொண்டு பிறந்தவர், வேறு என்ன தொழிலுக்குப் போவார்.

அந்த வருஷங்களில் கோந்தே இப்படித்தான் இருந்தார். மெட்டு இவருடையது, குரல் அடுத்தவர்களுடையது. 1967இல் செலென்தானோவும் அவர் மனைவியும் ஜோடியாகப் பாடிய ஒரு ஹிட், 1968இல் கத்தரீனா கசெல்லிக்கு ஒன்று, 1969இல் பாத்தி பிராவோவுக்கு ஒன்று, 1970இல் என்ஸோ யன்னாச்சிக்கு மெக்ஸிகோவையும் மேகங்களையும் வைத்து ஒன்று. பிரபலங்கள் பாடினார்கள், இவர் மறுபடி வக்கீல் ஆபீசுக்குப் போனார். நம் ஊரிலும் இது பழக்கமான ஏற்பாடுதான். இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார், பாடகர் வந்து வரியோடு பாடிவிட்டுப் போவார், அந்தத் தத்தகாரக் குரல் வெளியே வராது. ஆனால் அந்த மெட்டை முதலில் கேட்ட ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், சார் பாடினபோது இருந்த ஏதோ ஒன்று தட்டில் இல்லை என்று பாதிப் பேர் சொல்வார்கள். கோந்தேவுக்கு அதுதான் நடந்தது, ஆனால் தலைகீழாக. பாடகர்களுக்காக அவர் பாடிக் கொடுத்ததைக் கேட்ட லில்லி கிரேக்கோ, ஆர்சிஏ இசைத்தட்டுக் கம்பெனியின் தயாரிப்பாளர், இதை நீங்களே பாடிவிடுங்கள் என்று அவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

பெரிய தைரியம் அது. இத்தாலியில் தாமே எழுதித் தாமே பாடுகிறவரை கந்தவுத்தோரே என்பார்கள், பாடகர் என்ற சொல்லையும் எழுதியவர் என்ற சொல்லையும் ஒட்டிப் பண்ணின சொல். 1974இல் அந்தச் சொல்லுக்கு ஒரு களை இருந்தது. தாடி, கிதார், அரசியல். காரணமும் இருந்தது. முந்தைய டிசம்பரில்தான் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசு தடை போட்டிருந்தது. மே மாதம் விவாகரத்துச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று நாடே வாக்களித்தது, வேண்டும் என்று சுமார் 59 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே மே 28ஆம் தேதி பிரேஷா நகரச் சதுக்கத்தில் பொதுக்கூட்டத்துக்கு நடுவே குண்டு வெடித்து எட்டுப் பேர் செத்தார்கள், ஆகஸ்டில் இத்தாலிக்குஸ் என்ற ரயிலில் குண்டு, பன்னிரண்டு பேர். அப்படிப்பட்ட வருஷத்தில் மீசை வைத்த ஒரு வக்கீல் பியானோவில் உட்கார்ந்து, முப்பது நாற்பதுகளின் நடன மண்டப மெட்டில், கப்பலில் இருந்து கடலில் விழுந்தவனைப் பற்றிப் பாடுகிறார். கேட்கிறவனுக்கு என்ன தோன்றும்? இவருக்கு வேறு வேலை இல்லையா என்றுதான். உண்மையில் வேறு வேலை இருந்தது, வக்கீல் வேலை.

அந்தப் பழைய மெட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் தட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். முசோலினி காலத்து இத்தாலியில் அமெரிக்க இசை என்றால் ஆட்சிக்குப் பிடிக்காது, போர் தொடங்கியதும் சுத்தமாகப் பிடிக்காமல் போனது. ஆனால் ஜனங்களுக்கு ஜாஸ் வேண்டும். அதனால் பெயர்களை இத்தாலிய மொழியாக்கிப் புழங்கினார்கள் என்று ஒரு கதை அங்கே எல்லோரும் சொல்வார்கள். லூயி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பெயரைப் பிரித்து லூயிஜி பிராச்சோஃபோர்த்தே, பலக்கை லூயிஜி. பென்னி குட்மேன் பெனியாமினோ புவோனுவோமோ ஆனார், நல்லமனுஷன் பெஞ்சமின். சிரிக்காதீர்கள், நம் ஊர் டப்பிங் படப் பெயர்களுக்கு இது எவ்வளவோ மேல். அரசு வானொலியான எயார், நாத்தலினோ ஓத்தோ என்ற பாடகரை ஜாஸ் பாடுகிறார் என்பதற்காகவே ஒதுக்கி வைத்தது. அதே வானொலியில் ஹாலந்தில் இருந்து வந்த லெஸ்கானோ சகோதரிகள் மூன்று பேர் சேர்ந்து குரல் பின்னி, ஸ்விங் என்கிற ஜாஸ் நடன இசை மாதிரியே பாடினார்கள், அது ஓடியது. தடை ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம்.

கோந்தேயின் அப்பா அம்மா இருவருக்கும் இந்த இசைப் பைத்தியம் இருந்தது, வீட்டில் பியானோ இருந்தது. போர் முடிந்தபோது பையனுக்கு எட்டு வயது. வளர்ந்து டிராம்போன் ஊதினார், வைப்ரஃபோன் வாசித்தார். வைப்ரஃபோன் என்றால் உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிப்பது, பழைய தமிழ்ப் பாட்டுகளில் கனவுக் காட்சி வந்தால் டிங் என்று ஒரு ஒலி நீளுமே, அதுதான். 1962இல் பால் கோந்தே குவார்ட்டெட் என்று பெயரைக்கூட அமெரிக்கப் பாணியாக்கி ஒரு சின்னத் தட்டும் போட்டார். முசோலினி காலத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் லூயிஜி ஆனார், இருபது வருஷம் கழித்து பாவ்லோ பால் ஆனார். கணக்கு சரியாகிவிட்டது.

இப்போது வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள். அவருடைய பாட்டுகளில் வரும் காலம், அந்த நடன மண்டபம், ஸ்விங், அக்கார்டியன், வெள்ளைக் கோட்டு பேண்டு வாத்தியக்காரர்கள், எல்லாம் அவர் குழந்தையாக இருந்தபோதும் அதற்கு முன்பும் நடந்தவை. தன் வாலிபத்தை நினைத்து உருகுகிற ஆள் இல்லை அவர். அவருடைய அப்பா தலைமுறை ஆடிய நடனத்தை, அல்லது ஆட ஆசைப்பட்டு ஆட முடியாமல் போன நடனத்தைப் பற்றிப் பாடுகிறார். பழமையில் இரண்டு விதம் உண்டு என்பது என் அபிப்பிராயம். தாத்தா வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டு, அப்புறம் கடையில் ஒரு தேக்கு ஊஞ்சல் வாங்கி ஹாலில் மாட்டுவது ஒரு விதம், இன்றைக்கு வரும் ரெட்ரோ தட்டுகள் பலவும் அந்த ஊஞ்சல்தான், பார்க்க அழகாக இருக்கும், யாரும் உட்கார மாட்டார்கள். இன்னொரு விதம், வீட்டில் இருப்பதே அந்த ஒரு பழைய நாற்காலிதான், வருகிறவன் யாராக இருந்தாலும் அதில்தான் உட்கார வேண்டும். கோந்தேயின் தட்டில் வந்து உட்காருகிறவர்கள் யார் என்று பார்த்தால் எல்லோரும் எதிலோ தோற்றவர்கள்.

ஓந்தா சு ஓந்தா பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அலைமேல் அலை. அதே 1974இல் புரூனோ லவுத்ஸி பாடி ஹிட்டானது, தன் தட்டில் கோந்தேயும் பாடியிருக்கிறார். இருட்டு, தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிடுகிறது, ஐயோ பாவம் நான் என்று ஒருவன் ஆரம்பிக்கிறான். கப்பலில் நடனம் நடந்துகொண்டிருந்தபோது கடலில் விழுந்துவிட்டான். யாரும் கவனிக்கவில்லை. அலை அவனைத் தள்ளிக்கொண்டு போகிறது, கப்பல் தூரத்தில் நீலத்துக்குள் தொலைந்த மின்மினி மாதிரி தெரிகிறது. அங்கே அவனுடைய சாரா கண்ணை மூடிக்கொண்டு வேறொருவன் தோளில் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கிறாள். சாகப் போகிறவன் கவலைப்படுவது அதைப் பற்றி. அப்புறம் ஒரு தீவு வருகிறது. பனை, மூங்கில், இதமான காற்று, வெயிலில் காய்ந்தபடி படுத்திருக்கிறான், கடைசியில் பாட்டும் கனவுப் பெண்களும் வாழைப்பழமும் ராஸ்பெரியும். தப்பித்துவிட்டானா, இல்லை செத்துப்போய்க் கனவு காண்கிறானா என்று பாட்டு சொல்வதே இல்லை. வெப்பத் தீவில் ராஸ்பெரி எப்படி விளையும் என்று யோசித்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இது கடலையே அதிகம் பார்க்காத ஒருவன் கட்டிய தீவு, சினிமாவிலும் சுவரொட்டியிலும் பார்த்த வாழையோடு தன் ஊர்ப் பக்கத்து ராஸ்பெரியையும் சேர்த்துப் போட்டுவிட்டான்.

லவுத்ஸி பாடியதைக் கேட்டால் குரல் சுத்தமாக இருக்கும், ஒரு நல்ல வேடிக்கைப் பாட்டு. கோந்தே பாடுவதைக் கேட்டால் விழுந்த ஆள் நிஜமாகவே தண்ணீருக்குள் இருக்கிறான், கத்தினால் மரியாதையாக இருக்காது என்று தயங்கி மெதுவாகக் கூப்பிடுகிறான். அந்த மரியாதையில்தான் சிரிப்பும் வருகிறது, வயிற்றில் ஏதோ செய்யவும் செய்கிறது. நல்ல குரல் இருந்திருந்தால் இந்தப் பாட்டு கெட்டுப்போயிருக்கும்.

ஆஸ்திக்காரர்களுக்குக் கடல் கிடையாது. ஜெனோவாவுக்குப் போக வேண்டும், நூறு கிலோமீட்டர் சொச்சம். அதனால் இந்தத் தட்டில் கடல் வந்தாலே அது வெளியூர்க்காரன் பார்க்கும் கடல். ஊனா ஜொர்னாத்தா அல் மாரே, கடற்கரையில் ஒரு நாள். ஒருவன் தனியாக, பையில் ஆயிரம் லிராவோடு கடற்கரைக்கு வருகிறான். அன்றைய மதிப்பில் ஆயிரம் லிரா என்றால் ஒன்றரை டாலர். வந்தது கடலையும் ஜனங்களையும் பார்க்க. இந்த வாழ்க்கைக்கு என்ன காரணம் என்று பெரிய யோசனையெல்லாம் செய்கிறான், அப்போது அவன் தலைமேல் பெண்களின் சிரிப்பு வந்து விழுகிறது. பனம்பழம் விழுகிற மாதிரி விழுகிறது. சிரிப்பைக் கேட்டான் என்று எழுதவில்லை, தலையில் விழுந்தது என்று எழுதினார் பாருங்கள், அங்கே அந்த ஆள் எவ்வளவு கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறான் என்பது தெரிந்துவிடுகிறது. எக்விப் 84 என்ற குழு இதை முன்பே பாடியிருந்தது, எனக்கு வக்கீல் பாடியதுதான் பிடிக்கும்.

எல்லாப் பாட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று பாட்டு அரைவேக்காடு, வேடிக்கை செய்ய நினைத்து வேடிக்கை வரவில்லை. வாண்டா என்று ஒரு பெண்ணைப் பார்த்துப் பாடும் பாட்டு ஒன்று, அதன் தலைப்பில் ஆனால் என்ற பொருள் தரும் இரண்டு சொற்களை அடுத்தடுத்துப் போட்டிருப்பார். முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொள் ஆனால் ஆனாலும் என்கிற மாதிரி. இத்தாலிய வாத்தியார்கள் சிவப்பு மையில் சுழிக்கும் தப்பு அது. சட்டம் படித்தவருக்குத் தெரியாதா? பேசுகிற ஆள் வக்கீல் இல்லை, அவ்வளவுதான்.

ஒரே தட்டில் அக்கார்டியன் பெயரில் இரண்டு பாட்டு, ஸ்த்ராதெல்லா ஒன்று, அக்கார்டியன் பெண் என்று இன்னொன்று. ராக் இசை உச்சத்தில் இருந்தபோது அக்கார்டியன் என்றால் கல்யாண வீட்டு வாத்தியம், இளவட்டங்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அந்த வாத்தியத்தைப் பற்றி ஒரு நிமிஷம் சொல்ல அனுமதியுங்கள், என் பிழைப்பு அது. வலது கையில் பியானோ மாதிரி கட்டைகள், கண்ணுக்குத் தெரியும். இடது கைப் பட்டன்கள் வாசிக்கிறவனுக்கே தெரியாது, பெட்டியின் அந்தப் பக்கம் இருக்கும், தோல் பட்டைக்குள் கையை விட்டு விரலால்தான் தேட வேண்டும். அதற்காகவே சி பட்டனில் மட்டும் ஒரு சின்னக் குழி வைத்திருப்பார்கள், சிலதில் ஒரு கல் பதித்திருக்கும். விரல் அந்தக் குழியில் பட்டால் வீடு வந்து சேர்ந்த மாதிரி. அங்கிருந்து மேலே ஒன்று போனால் ஜி, கீழே ஒன்று இறங்கினால் எஃப். பக்கத்து வரிசைக்குப் போனால் ஒரே பட்டனில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முழு மேஜர் கார்டு, அடுத்த வரிசையில் மைனர், அதற்கடுத்து செவன்த். தியரி படிக்காத விவசாயிகூட ஒற்றை விரலால் மொத்தக் கார்டையும் வாசிக்கலாம், பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டாம். ஸ்த்ராதெல்லா முறை செய்த வேலை அது. ஞாயிற்றுக்கிழமை கிராமத்து நடனத்துக்கு ஒரு ஆள், ஒரு பெட்டி போதும் என்றாகிவிட்டது.

ஒருமுறை ஒரு கல்யாண வரவேற்பில் பாட்டுக்கு நடுவே கரண்ட் போனது. கீபோர்டு செத்தது, கிதார் செத்தது, மைக் செத்தது. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன், நிறுத்தத் தோன்றவில்லை. இருட்டில் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள், டிரம்ஸ்காரர் விளிம்பில் மட்டும் மெதுவாகத் தட்டினார். ஜெனரேட்டர் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், ஜெனரேட்டருக்கு. கோந்தே பாட்டில் வரும் ஆட்களை எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி தோன்றுவதற்கு இதெல்லாம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

தட்டில் ஒரு பாட்டு மீதி இருக்கிறது, அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். சோனோ குயி கொன் தே செம்ப்ரே பியூ சோலோ. உன்னோடு இங்கே இருக்கிறேன், நாளுக்கு நாள் இன்னும் தனியாக. இந்தப் பாட்டில்தான் மொகாம்போ என்ற பார் முதல்முறை வருகிறது. மொகாம்போ என்றதும் இந்திப் பட வில்லன் ஞாபகம் வரும், அவர் இல்லை. ஹாலிவுட்டில் நாற்பதுகளில் நடிகர்கள் போய் ஆடிய ஒரு நைட் கிளப்புக்கு அந்தப் பெயர். நம் ஊர் சந்துக்குள் பாம்பே சலூன், சிங்கப்பூர் டெய்லர்ஸ் என்று போர்டு தொங்குமே, அந்த மாதிரி ஏதோ ஒரு சின்ன இத்தாலிய ஊரில் ஒருவன் தன் காபி பாருக்கு மொகாம்போ என்று பெயர் வைத்திருக்கிறான். கடை திவாலாகிறது. வக்கீல் எழுதிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கதாநாயகன் கிடைக்க மாட்டான், கருப்புக் கோட்டு மாட்டியவர்களின் மேசைக்கு எதிரே தினமும் வந்து உட்காருகிற ஆள் அவன்.

அந்த பார்காரரை கோந்தே விடவில்லை. அடுத்த வருஷம், 1975இல், இரண்டாவது தட்டு வந்தது. அதில் லா தொப்போலீனோ அமராந்தோ என்று ஒரு பாட்டு இருக்கிறது, போர் முடிந்த மறுவருஷம் 1946இல் ஒரு குட்டி ஃபியட் காரில் ஒருவன் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிறான், ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு கிலோ சாலட் இலை விலை என்று கணக்குச் சொல்கிறான். அமராந்தோ என்பது காரின் நிறம். அகராதியில் பார்த்தால் அமராந்த் நம் தண்டுக்கீரையின் குடும்பம், அந்தக் கருஞ்சிவப்பு. கீரைத்தண்டு நிறத்தில் ஒரு கார் என்று புரிந்ததும் ஒரு நாள் முழுக்க எனக்குச் சந்தோஷம்.

அதே தட்டில் மொகாம்போவின் அடுத்த அத்தியாயம். கஷ்டமெல்லாம் பட்டு முடித்து பார்காரர் மறுபடி கடை திறக்கிறார். திவால் சொத்தைப் பார்த்துக்கொள்ளக் கோர்ட் போட்ட அதிகாரி நல்ல மனுஷனாகத் தெரிகிறார், ஒரு காபிகூட வாங்கிக் கொடுத்தார், இவர் முகம் வாடியிருப்பதைப் பார்த்துச் சிரித்தார், இருவரும் அவரவருக்குள் மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் இப்போது ஒரு ஆஸ்திரியப் பெண்ணோடு வாழ்கிறார். இருவரும் சேர்ந்து சாப்பாட்டு மேசை நாற்காலி வாங்கியிருக்கிறார்கள், பழுப்பு நிறத்தில். ஆனால் சாயங்காலம் இரண்டு பேருக்கும் நடுவே அநேகமாகப் பேச்சே இல்லை. எனக்கு ஜெர்மன் தெரியாது, மன்னிக்கணும் என்கிறார்.

எனக்கும் இத்தாலியன் தெரியாது. இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் அகராதியும் மொழிபெயர்ப்புச் செயலியுமாகப் பல ராத்திரி உட்கார்ந்து பொறுக்கியது.

முதல் தட்டு உடனே அவரைப் பெரிய ஆளாக்கிவிடவில்லை. 1979, 1981 தட்டுகளுக்கு அப்புறம்தான் கூட்டம் வந்தது, பிரான்ஸில் கொண்டாடினார்கள். மிலான் நகரில் லா ஸ்காலா என்று ஒபேராவுக்கென்றே பெயர் வாங்கிய அரங்கம் இருக்கிறது, 2023 பிப்ரவரியில் தம் 86ஆவது வயதில் அங்கே போய்ப் பாடினார், இந்த மாதிரிப் பாட்டுக்காரரை அங்கே ஏற்றலாமா என்று சிலர் முனகத்தான் செய்தார்கள். நான் அந்தப் பழைய தட்டோடு நின்றுவிட்டேன், அதனால் அதற்கு மேல் பேச எனக்குத் தகுதி இல்லை.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தட்டு என்றேனே, அதற்கும் பெயர் பாவ்லோ கோந்தேதான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், அடுத்தடுத்த வருஷம். பெயரை மட்டும் பார்த்து எடுத்தால் மாற்றி எடுத்துவிடுவீர்கள், நானே முதலில் அப்படித்தான் கடை மூடின கதைக்கு முன்னால் கடை திறந்த கதையைக் கேட்டேன். 1974 என்று வருஷத்தைப் பார்த்து எடுங்கள். கப்பலில் இருந்து விழுகிறவன் அதில் இருந்தால் சரியான தட்டு. வணக்கம்.